காயாத கையுறை

சில்வி காபி வைக்கவில்லை.

ராக்கேல் வந்து உட்கார்ந்து நேரமாகியிருந்தது. காபிப் பாத்திரம் மேடையில் கவிழ்த்தபடியே இருந்தது. ஏலக்காய் பன் சுட்ட வாசனை வீட்டில் நின்றது; பன் கண்ணில் படவில்லை. ஹொங்கசால்மி என்ற அந்தப் பனிநாட்டு ஊரில் ஒருத்தியை உள்ளே விட்டுக் காபி தராமல் உட்காரவைப்பதைவிட, வாசலிலேயே கதவைச் சாத்திவிடுவது மரியாதை. இருவரும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக முப்பது வருடம் இருந்தவர்கள்.

சில்வி வீட்டுக்குள்ளேயே மேல்கோட்டுப் போட்டிருந்தாள். பாதி பின்னிய கம்பளிக் கையுறை மடியில் கிடந்தது. ஊசி ஓடவில்லை.

வருவதாக ராக்கேல் காலையிலேயே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அங்கே சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. சொன்னால்தான் வீட்டுக்காரிக்கு நேரம் கிடைக்கும். காயப்போட்ட காலுறை, கையுறை, துண்டையெல்லாம், சுவரோரம் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரிலிருந்து எடுத்து அலமாரிக்குள் தள்ளிவிட்டு, இந்த வீட்டில் யாரும் எதையும் நனைப்பதே இல்லை என்பதுபோலக் கதவைத் திறப்பாள்.

உட்காருமுன் ராக்கேல் ரேடியேட்டரில் கை வைத்தாள். பனிக்காலத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் எல்லாரும் செய்வதுதான். குளிர்ந்த கல்லைத் தொட்டதுபோல இருந்தது.

"வெப்பமானி பதினாறு காட்டுது," என்றாள் சில்வி.

"கம்பெனிக்குச் சொல்லியிருக்கேன்."

"நீ சொல்லுவே." சில்வி ஊசிகளை மேசையில் வைத்தாள். "உன் வீட்டுல எவ்வளவு?"

"எனக்கும் குளிருதான்," என்றாள் ராக்கேல்.

அது பொய்.

மேலே, ராக்கேலின் வீட்டில் இருபத்தொன்று. இரண்டு அறையிலும் அதே. பனி விழத் தொடங்கி, ஒவ்வொரு வீடாகக் குளிர ஆரம்பித்தபோது, தன் வீட்டுக்கும் அது வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. காலையில் எழுந்ததும் வெப்பமானியைப் பார்ப்பாள். ஒரு பாகை குறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

குடியிருப்புச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. மில் சூட்டை வாங்கலாம் என்று வசந்தகாலத்தில் கூட்டம் போட்டுப் பேசி, கை தூக்கவைத்ததும் அவள்தான்.

மில் என்று ஊர் சொன்னாலும் அங்கே காகிதம் ஓடி வெகுகாலம் ஆயிற்று. அந்தக் கூடங்களில் இப்போது கணினிப் பெட்டிகள் வரிசை வரிசையாக நின்று முனகுகின்றன. உலகத்தில் யாரோ யாருக்கோ அனுப்பும் படமும் கணக்கும் பேச்சும் அவற்றுக்குள் தங்கிப் போகின்றன. பெட்டிகள் சூடாகின்றன. அந்தச் சூட்டை முதலில் கூரை வழியாக வானத்துக்கு விட்டார்கள். பிறகு அதை நீரில் ஏற்றி, மண்ணுக்கடியில் குழாய் போட்டு, ஊருக்குள் அனுப்பத் தொடங்கினார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில் புகைந்துகொண்டிருந்த எண்ணெய்க் கொதிகலனைக் கழற்றி எடுத்துப் போனார்கள். சுவரில் பெரிய ரேடியேட்டர்கள் வந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மூடிய கை அளவுக்கு ஒரு வெள்ளைக் குமிழ். அறை குளிர்ந்தால் அது தானே திறந்து நீரை விடும், சூடானால் தானே மூடிக்கொள்ளும்.

கம்பெனியிலிருந்து வந்த நீலோ என்ற இளைஞன் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான். பழையதுபோல ரேடியேட்டர் கொதிக்காது, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அறை சூடாக இருக்கும். கையை நம்ப வேண்டாம், வெப்பமானியை நம்புங்கள். யாருக்கும் அது பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் நம்பிய கையை நம்பாதே என்று ஒருவன் சொன்னால், அவன் வேறெதையோ மறைக்கிறான் என்றுதான் தோன்றும்.

இலையுதிர்காலத்தில் ராக்கேலின் மகன் ஆத்தோசுக்கு மில்லில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் தோல் கையுறை வாங்கி வந்தான். உள்ளே முயல்ரோமம் வைத்தது, ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிந்தது. கட்டடத்தில் மற்ற எல்லாரும் சில்வி பின்னித் தந்த, பெருவிரல் மட்டும் பிரிந்த கம்பளிப் பைகளில் கையை நுழைத்துக்கொண்டு நடந்தார்கள். ராக்கேல் தோல் கையுறையோடு நடந்தாள். அதைக் கட்டடம் பார்த்தது.

அவளைப் பற்றிய பேச்சு எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியாது. துணி காயவைக்கும் அறைக்குள் அவள் நுழைந்ததும் நின்றுபோனது என்பதுதான் தெரியும்.

இரண்டாவது மாடி தவுனோ மட்டும் நிறுத்தவில்லை. மில் காகித மில்லாக இருந்தபோது அதில் கிரேன் ஓட்டியவன். அது மூடியதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை. படிக்கட்டு முனையில் நின்று, யார் இறங்கினாலும் சொல்வான்.

"அமெரிக்காவுல எவனோ பூனைப் படம் பாத்தா நமக்குச் சூடு. அவன் தூங்கப் போயிட்டா நாம விறைக்கணும். இதுக்குத்தான் கை தூக்கினோம்."

சிரிப்பார்கள். ராக்கேலும் முதலில் சிரித்தாள்.

பிறகு அவன் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தான். வெப்பமானியைக் கம்பெனிக்காரன் ஏமாற்றலாம், ஈரக் கம்பளியை ஏமாற்ற முடியாது. சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்ததும் கையுறையை ரேடியேட்டரில் போடு. காலையில் காய்ந்திருந்தால் சூடு வருகிறது, காயாவிட்டால் திருடுகிறார்கள். எண்ணெய்க் காலத்தில் காய்ந்து மொறுமொறுவென்று இருந்ததை எல்லாரும் நினைவுவைத்திருந்தார்கள். சோதனை வீடு வீடாகப் பரவியது. எந்த வீட்டிலும் கையுறை காயவில்லை.

தவுனோ தன்னுடைய இடக்கைக் கையுறையைக் கீழ்வாசல் ரேடியேட்டரில் மாட்டினான், எல்லாரும் தொட்டுப் பார்க்கட்டும் என்று. சாம்பல்நிறத்தில், மணிக்கட்டில் சிவப்புக் கோடு போட்ட கையுறை. ராக்கேல் போகும்போதும் வரும்போதும் அது அங்கே இருந்தது, யாரோ அவளைப் பார்த்துக் கையை உயர்த்தி நிறுத்து என்பதுபோல. அவள் அதைத் தொடவில்லை. தொட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

தன் வீட்டில் அவள் சன்னலைத் திறந்துவைக்கத் தொடங்கினாள். வெளியே உறைபனி. வெப்பமானி பதினேழுக்கு இறங்கும்வரை கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். யாராவது கதவைத் தட்டினால் சூடு முகத்தில் அடித்துக் காட்டிக்கொடுக்கக் கூடாது. மூடினால் ஒரு நாழிகையில் மறுபடி இருபத்தொன்று. அந்த ரேடியேட்டரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே ஒரு கேள்வி வந்தது. இந்த வீட்டுக்கு மட்டும் ஏன்?

நீலோவைக் கூப்பிட்டாள். அவன் வந்து அடித்தளத்து அறையில் கருவிகளைப் பார்த்துவிட்டு, படிக்கட்டடியில் கூடியிருந்தவர்களிடம் சொன்னான்.

"சூடு நிறைய வந்து நிக்குதுங்க. உங்க கட்டடந்தான் வாங்கிக்க மாட்டேங்குது."

"கேட்டீங்களா," என்றான் தவுனோ. "விருந்துல உக்காரவெச்சுட்டு, தட்டுல போடாம, உனக்குப் பசியே இல்லைங்கிறான்."

வீடுகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நீலோ கேட்டான். மில்காரன் கால் தன் வீட்டில் படாது என்றான் தவுனோ. மற்றவர்களும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். பார்க்கிற சாக்கில் ஏதாவது கருவியை மாட்டிவிட்டுப் போவான் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தது ராக்கேலுக்குக் கேட்டது. பார்க்க முடிந்தது அவளுடைய வீடு மட்டும்தான். அதைக் காட்ட அவள் விரும்பவில்லை. வேறொரு நாள் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தாள். அவன் காரில் ஏறும்போது அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அதையும் கட்டடம் பார்த்தது.

வியாழக்கிழமை பட்டாணி சூப்புக்கு ஆத்தோஸ் வந்தான். வாரம் தவறாமல் வருவான். அவன் இரண்டாம் தட்டு முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

மில்லில் ஏதாவது நடக்கிறதா என்று கேட்டாள். வேலை விஷயம் வெளியே பேசக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றான்.

"நான் உங்கம்மாடா."

"எங்க பக்கம் ஒரு குறையும் இல்லம்மா. போற சூடு போய்க்கிட்டுத்தான் இருக்கு."

எங்க பக்கம். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்கு அது தட்டில் விழுந்த முடிபோலக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"என் வீடு மட்டும் சூடா இருக்கு," என்றாள். "யாராவது அப்படிப் பண்ணியிருக்காங்களா?"

"எதுக்குப் பண்ணணும்?"

"நான் ஓட்டு வாங்கிக் குடுத்தேன்ல. உனக்கு வேலையும் அதுக்கப்புறந்தானே வந்துச்சு."

ஆத்தோஸ் கரண்டியை வைத்தான். அவனுக்கு அப்பாவின் காது. கோபம் வந்தால் முதலில் அது சிவக்கும். சூப்பில் கலக்கும் கடுகு விழுதுக் குப்பியை மூடினான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். காலணி மாட்டிக்கொண்டு, போகிறேன் என்று சொல்லாமல் போனான். சூப்புக்குப் பிறகு தின்ன அவள் சுட்டுவைத்த பான்கேக் தட்டில் அப்படியே இருந்தது.

அவள் சன்னலைத் திறந்தாள்.

அன்று மாலை, கட்டடத்தின் நீராவிக் குளியலறையான சவுனாவில் அவளுக்கும் சில்விக்கும் முறை. இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள். ராக்கேல் துண்டோடு கீழே இறங்கியபோது சில்வி ஈரத்தலையோடு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். யாரிடமோ முறையை மாற்றிக்கொண்டிருக்கிறாள். இருவரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். ராக்கேல் தனியாக மேல்பலகையில் உட்கார்ந்து சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்றினாள். சவுனா மட்டும் சொந்த மின்சாரத்தில் எரிந்தது. அங்கே ஒரு குறையும் இல்லை. ஆவி எழுந்தது. பக்கத்தில், இன்னும் கொஞ்சம் ஊற்று என்று சொல்ல ஆள் இல்லை.

வெளியே வந்தபோது கீழ்வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். ஒரே ஒரு பொருள்: தலைவியை நீக்குவது.

நீக்கட்டும் என்று நினைத்தாள். நாற்காலி போனால் போகட்டும். சில்வி கை தூக்குவாளா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வெள்ளி முழுக்க அதையே நினைத்தாள். சனிக்கிழமை காலை குடுவையில் காபி ஊற்றி, தோல் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். போன தடவைபோல முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் வராதே என்பாள்.

மணியடித்ததும் சில்வி வாசற்கதவை ஒருச்சாய்த்துத் திறந்தாள்.

"சொல்லவே இல்லையே நீ."

"சொல்லல. காபி கொண்டாந்திருக்கேன். நீ தரமாட்டே."

சில்வி முகம் சிவந்தது. காபியை விரட்ட முடியாது. உள்ளே ஓடி, ரேடியேட்டரில் கிடந்ததையெல்லாம் வாரி எடுத்தாள். காலுறை. சமையல் துண்டு. குமிழில் ஒரு கையுறை மாட்டியிருந்தது, கை உள்ளே இருப்பதுபோல உப்பி. பெருவிரல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் உருவினாள். எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"காயல," என்றாள். "பாரு. மொதல்ல பாதி காயும். அப்புறம் எத்தனை நாள் கெடந்தாலும் அந்த மீதி காயறதே இல்ல."

ராக்கேல் இரண்டு கோப்பையில் ஊற்றினாள். இருவரும் கோட்டோடு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சில்வி கோப்பையைத் தொடவில்லை.

"நேரா கேக்கறேன்," என்றாள் சில்வி. "உன் பையன் வேலைக்குத்தான் எங்களை வித்தியா?"

"அதையேதான் நானும் அவன்கிட்ட கேட்டேன்."

சில்வி நிமிர்ந்தாள். "பெத்தவ நீயா கேட்டே?"

"நானே. எந்திரிச்சுப் போயிட்டான். கூப்பிட்டா எடுக்கல."

ராக்கேல் தன் கோப்பையைத் தள்ளிவைத்தாள். பிறகு ராக்கேல் மற்றதையும் சொன்னாள். தன் வீட்டில் இருபத்தொன்று என்று. சன்னலைத் திறந்துவைப்பதை. ஏன் என்று தனக்கே தெரியாததை. சில்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. கூடவே, வெகுநாள் பூட்டிய அறையைத் திறந்ததும் வருகிற காற்றுபோல ஏதோ ஒன்றும் இருந்தது. கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"ஆறிப்போச்சு," என்றாள். எழுந்து புதிதாகக் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அந்தத் தண்ணீர் கொதிப்பதற்குள்தான் அது நடந்தது. சுவருக்குள் குழாய் லேசாகச் சீறியது. சில்வி திரும்பி ரேடியேட்டரில் கை வைத்தாள். கையை எடுக்கவில்லை. மெல்ல ராக்கேலைப் பார்த்தாள்.

"நீ வந்தே. சூடு வருது."

"என்னது?"

"நேத்து வரல. காலையில வரல. நீ வந்து உக்காந்ததும் வருது. என்ன பண்ணினே?"

ராக்கேலும் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது, தன் வீட்டில் இருப்பதுபோலவே. ஒரு நொடி அவளும் நம்பினாள். ஆத்தோஸ் எங்கோ உட்கார்ந்து, அம்மா எந்த அறையில் இருக்கிறாளோ அதற்குச் சூட்டைத் திருப்பிவிடுகிறான் என்று. பிறகு சில்வி உருவி மேசையோரம் போட்டிருந்த ஈரக் கையுறையைப் பார்த்தாள். குமிழைப் பார்த்தாள். மூடிய கை அளவு. கையுறைக்கென்றே செய்ததுபோல.

"அதை எப்பவும் இதுலதான் மாட்டுவியா?"

"எல்லாருந்தான் மாட்டறாங்க. வாய் விரிஞ்சு நிக்கும், சீக்கிரம் காயும்."

"மறுபடி மாட்டு."

மாட்டினார்கள். உட்கார்ந்து காபி குடித்தார்கள், இந்த முறை சில்வியின் காபி. பன் வெளியே வந்தது. ரேடியேட்டர் உடனே ஆறவில்லை. சில்வியின் பார்வை இன்னும் இடுங்கியே இருந்தது. கையுறை ஒருபக்கம் காயக் காய, குழாயின் சூடு கம்பளிக்குள் தேங்கியது. கடைசியில் குழாய்ச் சத்தம் நின்றது. தொட்டால் ஆறிக்கொண்டிருந்தது. உருவி எடுத்தார்கள். குமிழ் உள்ளங்கைச் சூடாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழாய் மறுபடி சீறியது.

"அறை சூடாயிருச்சுன்னு இந்தக் குமிழ் நெனைக்குது," என்றாள் ராக்கேல். "கம்பளிக்குள்ள அதுக்கு மட்டும் கோடைக்காலம்."

சில்வி வாயில் கை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு குமிழிலும் இருப்பது அவள் பின்னிய கையுறை.

"அப்ப உன் வீட்டுல?"

ராக்கேல் தோல் கையுறையை மேசைமேல் வைத்தாள். தோலைச் சூட்டில் காயவைத்தால் வெடித்துவிடும். அதை அவள் தொப்பிப் பலகையில்தான் வைப்பாள்; குமிழில் எதையும் மாட்டியதில்லை.

நாளைக் கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்றாள் ராக்கேல். சில்வி தலையசைத்து மறுத்தாள். வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நீலோ சொன்னதையே நீயும் சொல்கிறாய் என்பார்கள். அவளுக்கு வேறொரு யோசனை இருந்தது. கையுறைகளைக் கூட்டத்துக்கு எடுத்துவரச் சொல்கிறேன், தேய்ந்த பெருவிரலைப் பின்னித் தருகிறேன் என்கிறேன். எல்லாக் கையுறையும் கீழே என் கூடையில் இருக்கும். ஓட்டெடுப்புக்குள் மேலே சூடு வந்திருக்கும். முதலில் எல்லாரையும் மேலே அனுப்பித் தொட்டுப் பார்க்கவை. பிறகு ஓட்டெடு.

நல்ல யோசனைதான். அவர்கள் மறந்தது ஹொங்கசால்மியில் கூட்டம் எப்படி நடக்கும் என்பதை.

ஞாயிறன்று அடித்தளக் கூடத்தில் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். சில்வியின் கூடை நிறைந்தது. தவுனோ மட்டும் தரவில்லை. கீழ்வாசல் கையுறை சாட்சி, சாட்சியை எடுக்க முடியாது என்றான். வலக்கையுறை அவன் சட்டைப்பையில் இருந்தது.

ராக்கேல் எழுந்து சொன்னாள். கையுறையை, குமிழை, சில்வி வீட்டில் பார்த்ததை. இப்போதே மேலே போய்த் தொட்டுப் பாருங்கள் என்றாள். குரல் நடுங்கியது, பொய் சொன்னபோது அது நடுங்கியதே இல்லை.

யாரும் எழவில்லை.

"மில்லு நல்லது, குழா நல்லது, கம்பெனி நல்லது," என்றான் தவுனோ. "தப்பெல்லாம் நம்ம கையுறை மேல."

சிரிப்பு எழுந்தது. இருந்தாலும் ஒருவர், போய்ப் பார்த்துவிட்டால்தான் என்ன என்றார். தவுனோ அறிவிப்பைத் தட்டிக் காட்டினான். அவசரக் கூட்டத்தில் ஒரே பொருள்தான் எடுக்கலாம். மேலே போய்ப் பார்ப்பது பொருளில் இல்லை. அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். விதி விதிதான். விதியில்லாத இடத்தில்தான் திருட்டு நடக்கும்.

"உன் வீட்டுல எவ்வளவு காட்டுது ராக்கேல்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இருபத்தொண்ணு," என்றாள்.

உடனே ஓட்டெடுத்தார்கள். நீக்க வேண்டும் என்பவர்களின் கைகள் எழுந்தன. வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு கை எழுந்தது. பெருவிரல் அளவு பார்க்கப் போட்டிருந்த யாருடையதோ கையுறை அதில் இருந்தது. சில்வி அதைக் கழற்றவும் இல்லை, சீக்கிரம் இறக்கவும் இல்லை.

புதுத் தலைவன் தவுனோ. அவன் முதல் வேலையாகக் கீழ்வாசலுக்கு ஏறிப்போய்த் தன் சாட்சியை உருவி மடித்துப் பையில் வைத்தான். கீழே எல்லாரும் காபி குடித்துப் பன் தின்றார்கள். சில்வி மெதுவாகப் பெருவிரல் பின்னினாள், வேண்டுமென்றே மெதுவாக. அவர்கள் வீடு திரும்பியபோது ரேடியேட்டர்கள் வெதுவெதுப்பாக இருந்தன. அறைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. படிக்கட்டில் கூடினார்கள். தவுனோ கீழ்வாசல் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"பாத்தீங்களா," என்றான். "அவ எறங்கினா. சூடு ஏறிச்சு."

இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

சில்வி படியில் நின்று அதைக் கேட்டாள். ஏதோ சொல்லப் போனாள். பிறகு கூடையை உயர்த்தி, எல்லாரிடமும் ஒன்றைச் சொன்னாள். புதுக் குமிழின் பிளாஸ்டிக்கில் மாட்டினால் கம்பளி சுருங்கிப் பெருவிரல் கெட்டுவிடுகிறது, இனிமேல் ரேடியேட்டரின் மேல்விளிம்பில் மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் நான் திரும்பப் பின்னித் தரமாட்டேன். எல்லாரும் தலையசைத்தார்கள். கம்பளி விஷயத்தில் சில்வி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த வியாழன் ஆத்தோஸ் சூப்புக்கு வந்தான். ராக்கேல் பான்கேக்கை முதலிலேயே வைத்தாள். வேலையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. போகும்போது கையுறை சூடாக இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றாள். கேள்வி அவளுக்குள் எங்கோ இன்னும் இருந்தது, ஈரம் முழுக்கப் போகாமல்.

குளிர் கடுமையாக இறங்கிய ஒரு நாள், மூன்றாவது மாடியில் ஒரு வீடு மறுபடி குளிர்ந்தது. அந்த வீட்டார் சன்னலிலிருந்து காற்று வராமல் இருக்கத் தடித்த திரை ஒன்று போட்டிருந்தார்கள்; அது குமிழையும் சேர்த்து மூடியிருந்தது. அதனால்தான் குளிர் என்று அவர்களுக்குத் தெரியாது. தவுனோவிடம் வந்து கேட்டார்கள். ராக்கேல் குப்பையோடு இறங்கிக்கொண்டிருந்தாள், படிக்கட்டில் குரல் கேட்டது.

"உங்க வீட்டுல எவ்வளவு காட்டுது தவுனோ?"

ராக்கேல் குப்பைப் பையோடு படியிலேயே நின்றாள்.

"எனக்கும் குளிருதான்," என்றான்.

மறுநாள் சில்வி வீட்டுச் சன்னலருகே இருவரும் காபிக்கு உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்துக்கு அப்பால், கட்டடம் மடங்கும் இடத்தில், தவுனோவின் வீடு தெரிந்தது. அந்த உறைபனியில் அவன் சன்னல் விரியத் திறந்திருந்தது. திரை வெளியே வந்து அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் கோட்டும் தொப்பியுமாக ஓர் உருவம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"பாவம்," என்றாள் சில்வி. "குமிழ் விஷயத்தப் போய்ச் சொல்லலாமா?"

"நான் சொன்னா நம்புவானா?"

சில்வி யோசித்துப் பார்த்தாள். "மாட்டான்."

"அப்ப காபிய ஊத்து," என்றாள் ராக்கேல்.